அழாமல் இருந்தால் வருவாள்

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அவளை எல்லோரும் சிரிப்புக்காரி என்றுதான் கூப்பிடுவோம். படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகப் பிடித்து மடிக்க வேண்டும். பதினொரு வருடம் ஒரு முனை அவள் கையில், மறு முனை என் கையில். எப்பேர்ப்பட்ட கறையோடு துணி வந்தாலும் அதற்கொரு கதை கட்டி வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள். திட்டிக்கொண்டே வரும் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே போவார். கணவர் இறந்த மூன்றாம் வாரம் வேலைக்கு வந்தவள், இனி வீட்டில் டிவி ரிமோட் தன் கையில்தான் என்றாள். நாங்களும் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவளுக்கு ஒரே மகள். அந்தக் குழந்தை அழுதால் மட்டும் அவளால் தாங்க முடியாது. வேடிக்கை காட்டுவாள், கிச்சுகிச்சு மூட்டுவாள். அதற்கும் அடங்காவிட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அழுகை ஓய்ந்த பிறகுதான் வெளியே வருவாள். பத்தொன்பது வயதில் வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பிய அன்று மகள் வாய் திறந்தாள்.

"அப்பா செத்தப்போகூட அந்தக் கதவுகிட்ட உக்காந்துதான் அழுதேன். நீ திறக்கவே இல்லம்மா."

அதற்கும் இவள் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போக, மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கை மரத்துப்போக ஆரம்பித்தது. மடித்துக்கொண்டிருக்கும்போதே விரிப்பு நழுவி விழும். நரம்பில் ஒரு கோளாறும் இல்லையென்று மாடியிலிருந்த மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அதிகம் பேசாத பெண்மணி. வாரம் ஒரு மணி நேரம். முதல் இரண்டு மாதம் இவள் டாக்டரைச் சிரிக்க வைத்தே ஓட்டிவிட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் சிரிக்கவில்லை.

"என்னைச் சிரிக்க வைக்கலைன்னா என்ன ஆயிடும்னு நினைக்கிறீங்க?"

"நீங்க போயிடுவீங்க." யோசிக்காமல் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

அவளுக்கு நான்கு வயதில் நடந்ததை அன்றுதான் டாக்டரிடம் சொன்னாள். பிறந்த கைக்குழந்தை தவறிப்போனதிலிருந்து அவள் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாளாம். இவள் முன்னால் போய்க் குரங்குபோல முகத்தைக் கோணினால் மட்டும் அம்மாவின் உதட்டோரம் லேசாக அசையும். ஒருநாள் இவளுக்குக் காய்ச்சல். நாளெல்லாம் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு என்று அம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். அப்பா குனிந்து, "அழக்கூடாது. நீ அழாம இருந்தா அம்மா சீக்கிரம் வந்துடுவா" என்றார்.

அவள் அழவில்லை. அம்மா வரவில்லை. இறந்துபோனதை யாரும் சொல்லவும் இல்லை. ஏழு வயதில், பள்ளிப் படிவத்தில் அம்மா பெயருக்கு நேரே அப்பா 'காலமானார்' என்று எழுதியதைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதுவரை ஏதோ தூக்கத்தில் அழுதிருப்போம், அதனால்தான் அம்மா வரவில்லை என்று எண்ணி, வாயில் துணியைக் கடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

நான்கு வயதுக் குழந்தை அழுததால் எந்த அம்மாவும் சாவதில்லை என்றார் டாக்டர். சிறு வயதில் பயந்தது மறந்ததுபோல் இருக்கும், ஆனால் நமக்குத் தெரியாமல் உள்ளிருந்து நம்மை நடத்தும் என்றும் விளக்கினார்.

"புத்திக்குத் தெரியுது டாக்டர். இந்தக் கைக்குத்தான் தெரியல" என்றாளாம்.

பிறகு லீவு போட்டுவிட்டு மகளைப் பார்க்கப் போனாள். விடுதி அறைக் கட்டிலில் உட்கார்ந்து, வேடிக்கை எதுவும் கலக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அழுதாள். இவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். தொட்டு அணைக்க மட்டும் வரவில்லை.

"எனக்குக் கோவம் இல்லம்மா" என்றாள் மகள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆனா நீ இல்லாம இருந்து பழகிட்டேன்."

பஸ் ஏற்றிவிட வந்த மகள், வண்டி கிளம்பும்வரை நின்றாளாம். இதை மட்டும் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். மகள் இன்னும் ஊருக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறார்கள்.