அரைப்பேர்க் கஞ்சி

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் செய்ய வராது. பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுப் பயிற்சி முடித்து மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்கள் மூன்றுக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டபோது எனக்கு இருபத்துநான்கு வயது. பதுளையிலிருந்து பஸ்ஸில் ஏற்றிப்போன பெட்டியில் உடுப்பைவிட கோடு போட்ட கொப்பிகளே அதிகம். அந்தப் பழக்கத்தால் நான் செய்த ஒரு காரியத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து சில வருடங்களாகியிருந்தன. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பொதுவில் சமைத்துக் கொடுத்தால் அரசாங்கம் உதவி தரும் என்றொரு திட்டம் வந்தது. சோளமும் சோயாவும் கலந்த மா, சீனி, எண்ணெய், பெரிய அலுமினியப் பானை ஒன்று, அடுப்புக் கட்டச் சீமெந்து. விறகும் ஆளும் தோட்டத்தின் பொறுப்பு. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தினமும் பத்து மணிக்குக் கஞ்சி. என் மூன்று தோட்டங்களில் ஒன்றுக்காக விண்ணப்பம் எழுதியது நான். எல்லாப் பிள்ளைகளையும் தொங்குதராசில் நிறுத்து, எடை அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்த இருபத்தெட்டுப் பேரைப் பிரித்ததும் நான்.

அந்த இருபத்தெட்டில் ஆகக் கீழே இருந்தவள், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்துப் பெண்பிள்ளை. இரண்டரை வயது, ஒரு வயதுப் பிள்ளையின் எடை, செம்பட்டைத் தலைமயிர், அழக்கூடச் சோம்பல். தாய்க்கு நெஞ்சுச் சளி; மழை நாளில் மலையேற மாட்டாள், ஏறினாலும் மதியத்தோடு இறங்கிவிடுவாள். இன்னொரு காய்ச்சல் வந்தால் இந்தப் பிள்ளை தாங்காது என்று தோட்டத்து மருந்துக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார்.

பட்டியல் எழுத நல்ல தாள் தேடினேன். கணக்கப்பிள்ளை தன் செக்ரோலிலிருந்து, அதாவது தொழிலாளர் வரவுப் பதிவேட்டிலிருந்து, வெற்றுத் தாள்கள் கிழித்துக் கொடுத்தார். இடது பக்கம் பேருக்கு இடம், பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். என் கொப்பிகளைவிட நேர்த்தியான கோடுகள். தாயின் பேர், பிள்ளையின் பேர் என்று எழுதி முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. தினமும் கட்டத்தை நிரப்புகிறேன் என்று கணக்கப்பிள்ளை ஒப்புக்கொண்டார். மாதம் ஒருமுறை நான் வந்து நிறுத்துப் பார்ப்பதென்று ஏற்பாடு.

முதல் மாதம் அந்தப் பிள்ளையின் எடை அசையவில்லை. இரண்டாம் மாதம் குறைந்திருந்தது. மற்றவர்கள் பலர் ஏறியிருந்தார்கள். லயத்து வாசலில், அக்கம்பக்கத்தார் பார்க்க, தாயைக் கூப்பிட்டுக் கஞ்சியை யார் குடிக்கிறது, மூத்த பிள்ளைகளா என்று கேட்டேன்.

"இல்லைங்க மிஸ்ஸி. அவளுக்கு உள்ளத அவதான் குடிக்கிறா," என்றாள்.

நான் நம்பவில்லை. அட்டையின் ஓரத்தில் 'தாயின் கவனக்குறைவு' என்று எழுதினேன்.

அதே வாரம் பதுளையிலிருந்து திட்டத்து உத்தியோகத்தர் பார்வையிட வந்தார். தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவில் கேக் சாப்பிட்டார். கஞ்சிப் பானையை எட்டி நின்று பார்த்தார். கஞ்சிப் பதிவேட்டை மட்டும் மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இப்படியொரு சுத்தமான பதிவு வேறெந்தத் தோட்டத்திலும் இல்லை என்றார். கணக்கப்பிள்ளைக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கும்தான்.

மூன்றாம் மாதம் வழக்கமில்லாத ஒரு நாளில், கஞ்சி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைக்காம்பரா ஆயா கையில் துண்டுத்தாளோடு நின்று ஊற்றிக்கொண்டிருந்தாள். சிலருக்குக் கோப்பை நிறைய. சிலருக்குப் பாதி. சுவரோரம் மூன்று பிள்ளைகள் வெறுங்கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி லயத்துப் பிள்ளைக்குப் பாதி.

ஏன் பாதி என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி ஆயா என்னைப் பார்த்தாள்.

"தாய்க்காரி நேத்து மதியத்தோட எறங்கிட்டா. அரைப்பேருதானே மிஸ்ஸி."

"அந்த மூணு பேர்?"

"அதுக தாய்க்குப் பேரே விழலையே."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பேர். முழுநாள் நின்றால் முழுப்பேர், இடையில் இறங்கினால் அரைப்பேர், காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வராதவளுக்கு ஒன்றுமில்லை. கூலிக்கான அந்தக் கணக்கைக் கஞ்சிக்கும் போட்டிருந்தார்கள். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. ஆயா கோப்பையை உயர்த்திப் பாதியைச் சரிபார்த்து, ஒரு சொட்டுக் கூடினாலும் திரும்பப் பானையில் ஊற்றினாள்.

கணக்கப்பிள்ளையிடம் போனேன். கெட்ட மனிதரல்ல. குரலை உயர்த்தாமல் என் பட்டியலையே எடுத்து வைத்தார்.

"நீங்கதானே மிஸ்ஸி செக்ரோல்ல எழுதிக் குடுத்தீங்க? செக்ரோல்ல தாய் பேரப் போட்டா, பேர்க் கணக்குத்தானே போடணும்?"

கட்டங்களில் பென்சிலால் எழுதிய ஒன்று, அரை, பூச்சியம். அந்த அரைகளை நான் போன மாதமே பார்த்திருந்தேன். பிள்ளை பாதிதான் குடித்தது போலிருக்கிறது என்று நினைத்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை பதிவேட்டோடு பதுளைக்குப் போய் உத்தியோகத்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பானை தினமும் காலியாகிறதா என்று கேட்டார். ஆகிறது என்றேன். அப்படியானால் இதை எழுதாதீர்கள், எழுதினால் உதவி நின்றுபோகும், மற்றப் பிள்ளைகளின் வாயில் மண் என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஓர் அழிறப்பரை என் பக்கம் தள்ளினார். அரைகளை ஒன்றாக்கிவிட்டுப் போகச் சொன்னார். புத்தம் புதிய றப்பர். இனிப்பு மாதிரி வாசனை வந்தது. நான் தொடவில்லை. பஸ் நிலையத்திலேயே அறிக்கையை எழுதித் தபாலில் போட்டேன். அதற்குப் பதில் கடைசிவரை வரவில்லை. மா வந்துகொண்டேயிருந்தது.

திங்கட்கிழமை வெள்ளைத் தாளில் புதுப் பட்டியல் எழுதினேன். பிள்ளையின் பேர், எடை, அவ்வளவுதான். தாயின் பேரை எடுத்துவிட்டேன். தாய் பேரில்லாமல் யார் பிள்ளையென்று எப்படித் தெரியும் என்று கணக்கப்பிள்ளை கேட்டார். தெரிய வேண்டாம் என்றேன்.

பிள்ளைகளை விட வந்த தாய்மாரிடம், இனி எல்லாக் கோப்பையும் நிறையும் என்றேன். சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஈரம் படாமல் படங்குச்சாக்கை இடுப்பில் கட்டியிருந்த ஒருத்தி முன்னால் வந்தாள்.

"அட்ட ரத்தம் குடிக்கக் குடிக்க நின்னு நான் முழுப்பேர் போடுறேன். லயத்துல படுத்திருக்கவ பிள்ளைக்கும் அதே கோப்பையா?"

"நாளைக்கு நாமளும் படுத்துக்குவோம்டி. மிஸ்ஸி வந்து கொழுந்தெடுக்கட்டும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி லயத்துத் தாய் சிரிக்கவில்லை. ஆனால் முதலில் பேசியவளுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது.

அகப்பையை ஆயாவிடமிருந்து வாங்கி நானே ஊற்றினேன். கடைசி லயத்துப் பிள்ளை பாதிவரை குடித்தாள். நிறுத்தினாள். வாயைத் துடைத்துக்கொண்டு கோப்பையை ஆயாவிடம் நீட்டினாள். ஆயாவும் பழக்கத்தில் அதை வாங்கிப் பானையின் மேல் சரிக்கப் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். மீதியை அந்தப் பிள்ளை ஆயாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் குடித்தது.

மாலையில் லயத்துக்குப் போய், அன்றைக்கு நான் கேள்வி கேட்டபோது பார்த்துநின்றவர்கள் முன்னாலேயே, தவறு என்னுடையது என்று தாயிடம் சொன்னேன். அவள் கேட்டது வேறு.

"பொறகு என் சம்பளத்துல பிடிப்பாங்களா மிஸ்ஸி?"

பிடிக்க மாட்டார்கள் என்று மூன்று தடவை சொன்னேன். அட்டை ஓரத்தில் எழுதியிருந்ததை அவள் பார்க்க அடித்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் தராசு முள் கொஞ்சம் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தாண்ட அந்தப் பிள்ளைக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது.