சுவரைச் சுட்டுப் பார்ப்பவர்

பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்கும் பழைய அடுக்குமாடியில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர் யுகேந்திரன். வயது நாற்பத்தொன்று. வீடியோ கேம்களை முழுமையாக விளையாடிப் பார்த்து, அவை வாங்கத் தக்கவையா என்று தம் யூடியூப் அலைவரிசையில் தமிழில் சொல்வது அவருடைய தொழில். அவர் மனைவி புனிதா, கிள்ளானில் ஒரு லோரி நிறுவனத்தில் வண்டிகளை அனுப்பும் பிரிவில் பணிபுரிகிறார். காலையில் புனிதா கொமுட்டர் ரயில் ஏறச் சென்றபின், எங்கள் இரு வீடுகளுக்கும் இடையிலுள்ள சுவரைத் துளைத்துக்கொண்டு துப்பாக்கி ஓசை கேட்கத் தொடங்கும்.

அந்த ஓசையில் ஓர் ஒழுங்கு உண்டு. சுடும் விளையாட்டு எதுவாயினும், யுகேந்திரன் கதைக்குள் நுழையுமுன் ஒரு வெற்றுச் சுவரைத் தேடிப் பிடிப்பார். சற்றுத் தள்ளி நின்று, சுவரின் ஒரே புள்ளியைக் குறிவைத்துக் குண்டுகள் தீரும்வரை ஒவ்வொன்றாகச் சுடுவார். பிறகு அருகில் சென்று துளைகளைப் பார்ப்பார். அவை நெருங்கி இருந்தால் அந்த விளையாட்டை நம்பலாம். சிதறி இருந்தால் காரணம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

இந்தச் சோதனைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. சில ஆண்டுகளுக்கு முன் உலகமே கொண்டாடிய ஒரு வெளிநாட்டு விளையாட்டில், குண்டுகள் குறிக்கு இடப்புறமாக விலகி விழுவதாக அவர் ஒருவர் மட்டும் சொன்னார். எல்லாரும் சிரித்தனர். ஒரு மாதம் கழித்து அந்த நிறுவனமே பிழையை ஒப்புக்கொண்டு திருத்தியது. அன்று முதல் ரசிகர்களுக்கு அவர் ‘சுவர் அண்ணன்’ ஆனார். ஊர் முழுவதும் ஒன்றைச் சொல்லும்போது தாம் தனியே வேறொன்றைச் சொல்ல நேர்ந்தால், தயங்க வேண்டியதில்லை என்ற உறுதியும் அன்றுதான் அவருக்குள் வேரூன்றியது.

இவ்வாண்டு அவரிடம் ‘செங்கோள்’ என்ற விளையாட்டு வந்து சேர்ந்தது. பூச்சோங்கில் இயங்கும் ஒரு சிறிய குழு, நான்கு ஆண்டுகள் உழைத்துச் செய்தது அது. சண்டைப் பகுதியை வடிவமைத்தவர் செலாயாங்கைச் சேர்ந்த ரமணி என்ற பெண். யுகேந்திரன் கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்த காலத்தில் உடன் பணிபுரிந்தவர். இன்றும் அவரை அண்ணே என்றே அழைப்பவர்.

தொலைதூரக் கோள் ஒன்றில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குப் புதிதாக வந்து சேரும் ஓர் இயந்திரப் பழுதுபார்ப்பவள்தான் கதையின் நாயகி. அந்தக் குடியிருப்புக்கும் அதன் அண்டைக் குடியிருப்புக்கும் சேர்த்து இருக்கும் நீர் போதாது. யாரிடம் என்ன பேசுகிறோம், யாருக்கு வால்வைத் திறந்துவிடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கதை கிளை பிரிகிறது. யுகேந்திரன் அதில் சொக்கிப்போனார். ஒருமுறை தாம் ஏமாற்றிய கிழவர், நெடுநேரம் கழித்து வேறொரு வாயிலில் நின்று, தம் பெயரைச் சொல்லி அழைத்தபோது உடல் சிலிர்த்ததாக என்னிடம் கூறினார்.

ஆனால், சுவர் அவரைத் தடுத்து நிறுத்தியது.

அந்த விளையாட்டில் நாயகிக்குப் பல திறன்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ‘கை நிதானம்’. தொடக்கத்தில் அத்திறன் குறைவு. துப்பாக்கியைத் தூக்கினால் குறிவட்டம் அலைபாயும். புள்ளிகளைச் சேர்த்துத் திறனை உயர்த்த உயர்த்த அலைச்சல் அடங்கி, முடிவில் குறிவட்டம் சுவரில் அறைந்த ஆணிபோல் நிற்கவேண்டும். யுகேந்திரன் திறனை உச்சம்வரை உயர்த்தினார். திரையின் மூலையில் கை நிதானம் முழுமை என்று பச்சை எழுத்தில் தெரிந்தது. குறிவட்டமோ மெல்ல, விடாமல், ஒரே தாளத்தில் அசைந்துகொண்டே இருந்தது. துளைகள் சுவரெங்கும் சிதறின.

லோ யாட் மின்னணுக் கடைத்தொகுதிக்குச் சென்று, விளையாட்டைக் கையிலிருந்து இயக்கும் கன்ட்ரோலர் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதே அசைவு. அண்டை வீட்டுக்காரன் என்ற உரிமையில் என் தொலைக்காட்சியையும் கேட்டு வாங்கிச் சென்று பொருத்திப் பார்த்தார். அதே அசைவு. அதைத் தூக்கிச் செல்ல வந்தபோது அவர் இடக்கையை முன்னே நீட்டியதையும், வலக்கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்ததையும் கண்டேன். பாரத்தை இரு கையாலும் பிடியுங்கள் என்றேன். அதன் பிறகே அந்தக் கை வெளியே வந்தது.

புனிதாவும் அதைக் கவனித்திருந்தார்; ஆனால் கேலியாக மட்டும். “கை என்னா பாக்கெட்லயே ஒட்டிக்கிச்சா? கல்யாணத்துக்கு வந்த மாப்ள மாதிரி நடக்குறீங்க!” என்று மாடிப்படியில் ஒருநாள் சொன்னார். அவர் சிரித்தார், கையை எடுக்கவில்லை.

விமரிசனம் வெளிவந்தது. கதைக்குப் பெரும் பாராட்டு. சண்டைக்குக் கடும் கண்டனம். “திறன் ஏறுகிறது, பயன் ஏறவில்லை. திரையில் எழுதியிருப்பது பொய்” என்று முடித்திருந்தார். மற்ற விமரிசகர் எவரும் அக்குறையைச் சொல்லவில்லை. அது அவர் உறுதியைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. சுவர் அண்ணன் சொன்னதால் ஆயிரக்கணக்கானோர் நம்பினர்.

புதன்கிழமை காலை ரமணி நேரில் வந்துவிட்டார். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது.

“அண்ணே, கன்ட்ரோலர் பழசா?”

“புதுசு. ரெண்டு போட்டுப் பாத்தேன்.”

“டிவி ஸ்லோவா இருக்கும் லா.”

“அதையும் மாத்தியாச்சி. ரமணி, நீ செஞ்சதுன்னு நான் விட்டுக்குடுக்க முடியாது.”

“விட்டுக்குடுக்கச் சொல்லல. எங்க ஆபிஸ்ல எல்லாரும் சுட்டுப் பாத்துட்டோம். ஒருத்தருக்கும் ஆடல. வெள்ளிக்கெழம பணம் போட்டவங்க மீட்டிங். உங்க வீடியோவப் போட்டுக் காட்டித்தான் பேசப் போறாங்க. டீமயே மூடிருவாங்க அண்ணே.”

“அதுக்காக நான் பொய் சொல்லவா?”

ரமணியின் குரல் உயர்ந்தது. “கன்ட்ரோலர மாத்துனீங்க, டிவிய மாத்துனீங்க. ஆள மாத்திப் பாத்தீங்களா?”

“வெளிய போ.”

செருப்பொலி படிகளில் இறங்கித் தேய்ந்தது. அதன்பின் அன்று முழுவதும் துப்பாக்கி ஓசை. குண்டுகள் தீரும், சற்று அமைதி, மீண்டும் தொடங்கும். வழக்கமான ஒழுங்கு அதில் இல்லை. சில குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவசரமாக வெடித்தன. சிலவற்றுக்கு இடையே, சுடுபவர் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதுபோல் நீண்ட இடைவெளி.

மறுநாள் வியாழக்கிழமை புனிதாவுக்குப் பாதிநாள் விடுப்பு. மதியம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். என் தொலைக்காட்சியைத் திரும்பப் பெறச் சென்றிருந்தேன். யுகேந்திரன் அதே சுவரின்முன் உட்கார்ந்திருந்தார்.

“அலாமாக், இன்னும் இந்தச் சுவருதானா? அது உங்களுக்கு என்னா பாவம் பண்ணிச்சி?” என்றார் புனிதா, தோள்பையை இறக்கியபடி.

“ரமணி ஆள மாத்திப் பாருங்கறா. இந்தா, நீ சுடு. ஒனக்கும் ஆடும். சார், நீங்களே சாட்சி.”

“எனக்கு எதை அமுக்குறதுன்னே தெரியாது.”

“இது பாக்கறதுக்கு. இது சுடறதுக்கு. அந்தக் கறையப் பாத்து அடி.”

புனிதா சோபாவின் விளிம்பில் அமர்ந்து, சமையலறைக் கத்தியைப் பிடிப்பதுபோல் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டார். முதலில் வானத்தைச் சுட்டார், பிறகு தரையை. கணவர் சிரித்தார். அதன்பின் புனிதா சுவரிலிருந்த கறையைக் கண்டுபிடித்து, நாக்கு நுனியைக் கடித்தபடி, நிதானமாகச் சுடத் தொடங்கினார். குறிவட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரே துளை, அதன்மேல் அடுத்தது, அதன் விளிம்பில் அதற்கடுத்தது. குண்டுகள் தீர்ந்தபோது கறையின் நடுவில் சிறு பள்ளம் ஒன்று மட்டுமே இருந்தது. அதைச் சுற்றிலும், அவர் கணவர் காலைமுதல் சுட்ட துளைகள் அம்மைத் தழும்புகளைப்போல் பரவிக் கிடந்தன.

“ஜெயிச்சிட்டேனா?” என்று திரும்பினார் புனிதா.

“இன்னொரு தடவ சுடு.”

சுட்டார். அதே பள்ளம் ஆழமானது.

இம்முறை புனிதா திரையைப் பார்க்கவில்லை. கணவரின் மடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே கிடந்த வலக்கையின் கட்டைவிரல், சுட்டுவிரலின்மேல் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத சிறு மணி ஒன்றை உருட்டுவதுபோல. அதே மெதுவான, விடாத தாளம். கையின் உரிமையாளர் அதைக் கவனிக்கவில்லை.

அந்த அசைவைப் புனிதா முன்பே அறிவார். சுங்கை பூலோவில் மகள் வீட்டில் வசிக்கும் அவர் மாமனார் தம்புசாமி, முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். அவருக்கு நடுக்குவாதம். இன்று அவரால் சட்டைப் பொத்தானைத் தாமே போட இயலாது. நோய் தொடங்கிய காலத்தில் நெடுநாள் அதை எவரிடமும் சொல்லாமல் மறைத்தார். கிள்ளான் துறைமுகச் சாலையில் ஸ்டீயரிங் கையைவிட்டு நழுவி, லோரி தடுப்புச்சுவரில் உரசி நின்ற அன்றுதான் குடும்பத்துக்குத் தெரிந்தது.

“எவ்ளோ நாளா?” என்று கேட்டார் புனிதா.

“எது?”

புனிதா அவருடைய கையின்மேல் தம் கையை வைத்து அழுத்தினார். அழுத்தியபோது அது நின்றது. எடுத்ததும் மீண்டும் உருளத் தொடங்கியது. யுகேந்திரன் அப்போதுதான் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தொலைக்காட்சியைக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலையே அவர் புதிய காணொளி ஒன்றைப் பதிவேற்றினார். திரையின் ஒரு பாதியில் அவர் சுட்ட சுவர். மறுபாதியில் புனிதா சுட்ட சுவர். பின்னர் கேமராவின்முன் தம் வலக்கையை மேசைமீது வைத்தார். அறையில் வேறு அசைவே இல்லாததால், அந்த விரல்களின் அசைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“நான் விளையாட்டின் குறை என்று சொன்னது இதைத்தான். செங்கோளின் துப்பாக்கியில் பழுது இல்லை. என் தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். இது என்ன நோய் என்று இன்னும் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன்.”

வெள்ளிக்கிழமை இரவு ரமணியிடமிருந்து செய்தி வந்தது. குழு கலைக்கப்படவில்லை. ‘மன்னிச்சிருங்க அண்ணே, நான் கோவத்துல சொன்னேன்’ என்றும் எழுதியிருந்தார். யுகேந்திரன் அதற்குப் பதில் எழுதவில்லை. அந்நேரம் அவர் வேறொரு காரியத்தில் இருந்தார். சென்ற ஆண்டு தாம் குறைகூறிய மூன்று விளையாட்டுகளை எடுத்துப் புனிதாவின் கையில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் சுவரைச் சுடச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் விளையாட்டில் புனிதாவின் குண்டுகளும் சிதறின. யுகேந்திரன் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். இரண்டாவதில் ஒரே பள்ளம். மூன்றாவதைப் போடவேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

கருத்துப் பகுதியில் ஆறுதல் கூறியவர்கள் பலர். ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்: ‘அப்படியென்றால் எந்த நாள்வரை நீங்கள் சொன்னதை நாங்கள் நம்பலாம்?’ அந்த ஒரு வரியைத்தான் அவர் என்னிடம் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் சுங்கை பூலோவுக்குச் சென்றனர். அங்கு நடந்ததைப் புனிதா பின்னர் எனக்குச் சொன்னார். தந்தையிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று யுகேந்திரன் வழியெல்லாம் வற்புறுத்தியிருக்கிறார். அந்த வீட்டில் எவரும் அவருடைய அலைவரிசையைப் பார்ப்பதில்லை. தம்புசாமியின் மகள் தேநீர் கொண்டுவந்தார். மகன் இடக்கையால் கோப்பையை எடுத்தார். தம்புசாமி நாற்காலியில் தலை மெல்ல ஆட, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் இறுகிப்போன அந்த நோயாளியின் கண்களில் மட்டும் எதுவும் மங்கவில்லை.

“டேய் யுகா.”

“என்னாப்பா?”

“அத பாக்கெட்லேருந்து வெளிய எடு.”

யுகேந்திரன் அசையவில்லை. “குளிருது பா, ஃபேன் ஓடுது” என்றார்.

“நானும் வண்டியில ஏசி குளிருதுன்னுதான் சொன்னேன்,” என்றார் கிழவர்.

மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. யுகேந்திரன் கையை வெளியே எடுத்து மேசைமீது, தந்தையின் கைக்கு எதிரே வைத்தார். இரண்டு கைகளின் கட்டைவிரல்களும் ஒரே தாளத்தில் உருண்டன. மகள் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, அவை கிணுகிணுக்காதபடி தம் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார்.