கன்றிய கைகள்

என் அக்காவின் பேச்சைப் பறித்தது எங்கள் சொந்தபந்தம்தான். இதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்.

அக்கா திரைச்சீலை தைப்பவள். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், உலோக வால்வு வைத்திருந்தார்கள். உலோகத்தில் பட்டால் ரத்தம் உறையப் பார்க்கும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் ஆபத்து. அதற்காக ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைச் செய்யக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். மாத்திரை அதற்கு முட்டுக்கட்டை போடும். ரத்தம் தண்ணீராகிவிடாது, உறைய நேரமெடுக்கும், அவ்வளவுதான். அக்கா தவறாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போவாள். அளவு சரியாகவே இருந்தது. ஆனாலும் தையல் மேசை முனையில் லேசாக இடித்தால் போதும், கை கன்றி நீலம் பாரித்துவிடும்.

பெரியம்மா ஒருநாள் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். உடனே அத்தான்மேல் சந்தேகம். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஊரைக் கூட்டாத குறையாக உறவுகளையெல்லாம் வரவழைத்து, அவரை நடுவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அக்கா மாத்திரையைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அடி வாங்குறவ எவடி உண்மையச் சொல்லியிருக்கா? ஒருத்தி கதவுல இடிச்சுக்கிட்டேன்னுவா, நீ மாத்திரைங்குற" என்றாள் பெரியம்மா.

உண்மையைச் சொன்னாலே பொய்யாகிறதென்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்? யாரிடமும் மூச்சுவிடாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில் கைகள் பளிச்சென்று ஆயின. பெரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டிக்கேட்டதும் மாப்பிள்ளை வழிக்கு வந்துவிட்டாரென்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

அப்புறம் ஒரு காலை, துணி வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. வாய் கோணியது. மூளைக்குப் போகும் குழாயை ரத்தக்கட்டி அடைத்துவிட்டதென்றார் டாக்டர். பிரிக்காத மாத்திரை அட்டைகள் மெஷின் இழுப்பறையில் கிடந்தன.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வெகுநாள் கழித்து, திக்கித் திக்கி, "அவர... யாரும்... பேசக்கூடாது" என்றாள். இன்றுவரை அவளால் கோர்வையாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

இப்போது மறுபடி மாத்திரை, மறுபடி நீலம். பெரியம்மா பார்க்க வருகிறாளென்றால் அத்தான் ஓடிப்போய் அக்காவுக்கு முழுக்கைச் சட்டை மாட்டிவிடுகிறார். மணிக்கட்டுப் பொத்தானையும் அவரே போட்டுவிடுகிறார். பெரியம்மா வந்து உட்கார்ந்ததும், அவள் கண்ணெதிரிலேயே நான் அக்காவின் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுகிறேன்.