வீடு கேட்டு வாய் திறந்த வெள்ளிக்கிழமை

என்னைப் போலவே பயந்து பயந்து ஜெபிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறைகளையும் விடச் சொல்லிவிட்டார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். மாதம் முடியுமுன் போக வேண்டும். என் கணவர் கண்டி மார்க்கட்டில் மூட்டை தூக்குகிறவர். பிள்ளைகள் இருவரும் டவுனில் படிக்கிறார்கள். பல்லேகல வரைக்கும் வீடு தேடி அலைந்தேன். ஒரு இடத்தில் வருட வாடகையை முற்பணமாகக் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் சின்னப் பிள்ளைகள் கூடாது. ஒரு அம்மா கேட்டைத் திறக்காமலே, "தோட்டத்து ஆக்களுக்குக் குடுக்கிறது இல்ல" என்றார். நாங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். சோறு இறங்கவில்லை. நனைந்த சாமான்களோடும் பிள்ளைகளோடும் குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிற்பது போலவே கண்ணுக்குள் வந்தது. "ஆண்டவரே, எங்களை மறந்துவிட்டீரா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் ஒவ்வொருவரிடமும் விண்ணப்பம் கேட்பார்கள். வெளியே சொல்ல முடியாதவர்கள் "சொல்லாத விண்ணப்பம்" என்று கை தூக்கினால் போதும். அதற்கும் சேர்த்து ஜெபிப்பார்கள். வெட்கத்தில் நான் வாராவாரம் கைதான் தூக்கினேன். என் பக்கத்தில் பாயில் உட்காரும் டெய்சி அக்காவும் அப்படித்தான். மகன் கத்தாருக்குப் போனபின் தனியாக இருக்கிறவர்.

மாதத்தின் கடைசி வெள்ளி வந்தது. கை தூக்கப் போனேன். முடியவில்லை. "எங்களுக்கு வீடு இல்ல! திங்கக்கிழமை ரோட்டுலதான்!" என்று கத்திவிட்டேன்.

டெய்சி அக்கா என் முதுகில் ஒரு அடி போட்டார்.

"அடியே! என் கீழ்வீடு பூட்டிக் கெடக்கு. தனியா இருக்கப் பயமா இருக்கு, நல்ல ஆளுங்கள அனுப்புங்கன்னு நானும் கையத் தூக்கிக்கிட்டுத்தானே இருந்தேன்!"

"அக்கா, வாடகை..."

"ஒன்னால முடிஞ்சதக் குடு. நான் கூப்பிட்டா மேல வந்து நில்லு. அதுதான் அட்வான்ஸ்."

போதகர் ஜெபத்தை விட்டுச் சிரித்தார். நான் அக்காவின் மடியில் விழுந்து அழுதேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரே எங்கள் சாமான்களைத் தூக்கி வந்தார்கள். புது அடுப்பில் பால் பொங்கியபோது அங்கேயே முழங்காலில் நின்றேன்.

இன்றும் நான் பயந்தவள்தான். ஆனால் இப்போது வாயைத் திறக்கிறேன். ஆண்டவருக்கு நாம் சொல்லாமலே தெரியும். பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியாதே! உங்கள் பாயிலேயே ஆண்டவர் பதிலை உட்கார வைத்திருக்கலாம். நம்பிச் சொல்லிப் பாருங்கள்.