சிரிக்காமல் வாங்கிய நெருப்பு

எனக்குச் சுருட்டு பிடிக்கும். குளிருக்காகக் குடிக்கிறேன், பல்வலிக்காகக் குடிக்கிறேன் என்று நான் யாரிடமும் சாக்குச் சொன்னதில்லை. அட்டையை விரட்டவும் உதவும் என்பது வேறு விஷயம். நிவித்திகலப் பக்கம் எங்கள் இறப்பர்த் தோட்டத்தில், மழை ஓய்ந்த காலையில் பால் வெட்டப் போனால், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போவதற்குள் அட்டை காலில் ஏறிவிடும். சுருட்டின் நுனியைக் காட்டினால் தானாக விழும். அதனால் எங்கள் மலையில் பால் வெட்டிய பெண்களில் பாதிப் பேர் சுருட்டுக்காரிகள்தான்.

சுருட்டு எங்களுடையது. நெருப்பு, எங்களை வேலை வாங்கும் கங்காணியுடையது. எங்கள் ஒரு கையில் வெட்டுக்கத்தி, மறு கையில் வாளி. மடியில் வைத்த நெருப்புப் பெட்டி மலை ஏறுவதற்குள் ஊறிப்போகும். அவர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். சட்டைப் பைக்குள் சின்னத் தகர டப்பாவில் தீக்குச்சி காய்ந்தபடி இருக்கும். போய்க் கேட்டால் உடனே தரமாட்டார்.

"சிரிச்சிக் கேளு புள்ள. மூஞ்சிய உம்முனு வச்சிக்கிட்டா குச்சி பத்தாது."

நெருப்புக்காக எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல வருஷம் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது உடம்பெல்லாம் எரியும். ஒருநாள் சிரிக்காமல் நின்றேன். அவர் டப்பாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று வேலை முடியும்வரை நெருப்பில்லாத சுருட்டை மென்றுகொண்டே பால் வெட்டினேன். இனி இந்த ஆளிடம் நெருப்புக் கேட்டால் நான் மனுஷியே இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தீபாவளி முற்பணம் கையில் வந்ததும், லயத்தில் எங்கள் காம்பராவுக்குப் பக்கத்து அறையில் இருந்த அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினேன். அவளும் என்னோடு பால் வெட்டுகிறவள். சேலை எடுக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். நான் அவளை இழுத்துக்கொண்டு போய் நின்றது பெட்டரியும் சுவர் மணிக்கூடும் விற்கிற கடையில்.

"மழையில அணையாத லைட்டர் வேணும்" என்றேன்.

"புருசனுக்கா தங்கச்சி?" என்றார் கடை முதலாளி.

"எனக்குத்தான்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சீலிங் ஃபேனைப் பார்த்தாள். முதலில் ஒரு பிளாஸ்டிக் லைட்டரை எடுத்து வைத்தார். வாயால் ஊதினேன், அணைந்தது. அடுத்தது மூடி போட்ட பெட்ரோல் லைட்டர். பால் காய்ந்து தடித்துப்போன என் கட்டைவிரலுக்கு அந்த மூடி திறக்கவில்லை. பிறகுதான் உள்ளே போய்க் காஸ் லைட்டர் கொண்டு வந்தார். அமுக்கியதும் உஸ்ஸென்று சீறிக்கொண்டு ஊசி மாதிரி நீலமாக நெருப்பு வந்தது. நகைப் பட்டறையில் பொன் உருக்குவது இப்படித்தான் என்றார். ஃபேன் காற்றில் அது அசையக்கூட இல்லை.

நான் அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெளியே தூறல். கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் கையை நன்றாக நனைத்துக்கொண்டு அமுக்கினேன். பொத்தான் சின்னது, வழுக்கியது. "பெரிய பொத்தான் வச்சது இருந்தாக் குடுங்க" என்றேன்.

"லைட்டர் பாக்க வந்தீங்களா, மாப்புள பாக்க வந்தீங்களா?"

"மாப்புளைய எங்கப்பா பாத்தாரு. இதையாவது நான் பாக்குறேன்."

அவர் சிரித்துவிட்டு இன்னொன்றைத் தேடி எடுத்தார். அகலப் பொத்தான். நனைந்த கையிலும், தூறலிலும், அமுக்கிய ஒவ்வொரு தடவையும் பற்றியது. காஸ் எப்படி அடைப்பது என்று அவரைச் செய்துகாட்டச் சொல்லி, பிறகு நானே தலைகீழாகப் பிடித்து அடைத்துப் பார்த்தேன். லைட்டரோடு சின்னக் காஸ் டின் ஒன்றும் வாங்கினேன். அந்த வருஷம் எனக்குப் புதுச் சேலை இல்லை.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். என் பையிலிருந்து லைட்டரையும் டின்னையும் எடுத்த ஆமிக்காரப் பையன் முகம் மாறியது. சண்டை நடந்த காலத்தில், தமிழ்ப் பொம்பிளை பையில் காஸ் டின். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மே மொகடத?" இது எதுக்கு என்று கேட்டான்.

"சுருட்டு பத்து கரன்ன, மாத்தயா." சுருட்டுப் பற்றவைக்கத்தான் ஐயா என்றேன்.

பற்றவைத்துக் காட்டச் சொன்னான். பஸ் முழுக்க வேடிக்கை பார்க்க, மடியிலிருந்து சுருட்டை எடுத்து வாயில் வைத்துப் பற்றவைத்தேன். லைட்டரைத் திருப்பித் தந்தான். டின்னைத் தரவில்லை.

காஸ் இல்லாவிட்டால் அது வெறும் தகரம். சில நாளில் மறுபடி அந்தக் குடைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். டின்னைத் தராமல் பஸ் ஏறமாட்டேன் என்று சிங்களத்தில் சொன்னேன். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கண்டக்டர் கத்தினான். அக்கா என் இடுப்பைக் கிள்ளினாள்.

"கொஞ்சம் சிரிச்சிப் பேசுடி. குடுத்துருவான்."

"அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றேன்.

சத்தம் கேட்டுப் பெரியவர் ஒருவர் வந்தார், அவனுக்கு மேலதிகாரி போல. என் விரல்களில் ஒட்டியிருந்த பாலையும், காலில் அட்டை கடித்த தழும்பையும் பார்த்தார். "ரபர் கபனவாத?" என்றார். ஆமாம், இறப்பர்தான் வெட்டுகிறேன் என்றேன். டின்னை வாங்கி என் கையில் கொடுத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மலை முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. கங்காணி குடையோடு வழக்கமான இடத்தில் நின்று டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் என் சுருட்டைப் பற்றவைத்தேன். பிறகு அக்காவுடையதை. அவளுக்கு அடுத்தவள் வாயைத் திறந்து கேட்க வந்தாள். கேட்கவிடாமல் அவள் சுருட்டிலும் நெருப்பைக் காட்டினேன். இப்படியே வரிசை முழுக்கப் போனேன்.

அன்றைக்கு அந்த ஆளைப் பார்த்து ஒருத்தியும் சிரிக்கவில்லை.