மேல்மாடியில் ஒரு ஜின்

இந்த மாதம் நான் என்ன பார்க்கிறேன், என்ன வாசிக்கிறேன், என்ன கேட்கிறேன் என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை. எப்போது இதையெல்லாம் விடப்போகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்தோனேசியாக்காரர்கள் எடுத்த பேய்ப்படம் ஒன்றை மூன்று தரம் பார்த்துவிட்டேன். யாசீன் ஓதுகிற வீட்டுக்குள் வருகிற பேய் என்பதால் மற்ற நாட்டுப் பேய்களைவிட அது எனக்குச் சொந்தம். மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகும் ஜப்பானியப் படக்கதையில் எட்டாம் பாகத்தில் நிற்கிறேன். பதினெட்டு நிமிடம் ஓடுகிற ஒரு பாட்டைப் போன கிழமை முழுக்கக் கேட்டேன். அதில் மனிதக் குரல் என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய எதுவும் இல்லை.

எனக்கு இருபத்தேழு வயது. கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்கிறேன், ஐந்து நேரமும் தொழுகிறேன், சம்பளத்தில் உம்மாவுக்குக் கொடுக்கிறேன். கலியாணம் முடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எதுவும் பிழையாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஊரில் எனக்கு இன்னொரு பெயரும் உண்டு, ஜின் பிடித்த பிள்ளை என்று. அந்தப் பெயர் சும்மா கிடைத்ததல்ல. பதினொரு வயதில் உழைத்து வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகையால் பெண் பிள்ளை பிறந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு வீடு எழும்பத் தொடங்கிவிடும். எங்கள் வளவு சின்னது என்பதால் என் வீடு உம்மாவின் வீட்டுக்கு மேலேயே எழும்பியது. எழும்பியது என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். நாலு சுவரும் கூரையும் போட்டதோடு கைக்காசு முடிந்து, ஜன்னல் இல்லாத ஓட்டைகளும் வானத்தைப் பார்த்த கம்பிகளுமாக அது வருடக்கணக்கில் நின்றது. அதற்குள் இருமினாலும் பத்துப் பேர் இருமியது போல் கேட்கும். நான் அங்கேயே குடியிருந்தேன் என்று சொல்லலாம்.

அந்த வருடம்தான் மாமா கட்டாரிலிருந்து திரும்பி வந்தார். உம்மாவின் கடைசித் தம்பி. மற்றவர்கள் கம்பளியும் அத்தரும் கொண்டு வருவார்கள், மாமா ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டு வந்தார். அதற்குள் பேய்ப்படங்கள், படக்கதைகள், காது கிழிகிற பாட்டுகள். வேறு ஒன்றும் இல்லை. திரும்பிப் போக அவருக்கு மனமில்லை. கல்முனைச் சந்தைக்குக் கிட்ட போன் திருத்துகிற கடை போடுகிறேன், ஆறு மாதம் பொறுங்கள் என்று வாப்பாவிடம் கேட்டிருந்தார். வாப்பா பொறுத்தார், ஆனால் தெரிந்த ஒருவர் மூலம் சவூதிக்கு ஒரு ட்ரைவர் விசாவுக்கும் சொல்லி வைத்திருந்தார். உம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். டிஸ்க்கில் இருக்கிற சனியன்களில் ஒன்றாவது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால், அன்றைக்கே மாமாவின் பாஸ்போட் வாப்பாவின் கைக்குப் போகும்.

இரண்டாவது நாளே எல்லாம் பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பேய்ப்படங்களைச் சத்தத்தை மூடிவிட்டுப் பார்ப்போம். சத்தம் முழுவதும் மாமாவின் வாயிலிருந்து வரும். கதவு கிறீச்சிடுவது, நாய் ஊளையிடுவது, மரம் அறுக்கிற மெஷின், கிணற்றுக்குள் விழுந்தவளின் மூச்சு எல்லாவற்றையும் என் காதோடு, உம்மாவுக்குக் கேட்காத அளவில் செய்வார். பின்னாளில் அதே படங்களைச் சத்தத்தோடு பார்த்தபோது ஏமாந்து போனேன். மாமாவின் கதவு அவர்களுடைய கதவைவிட நன்றாகக் கிறீச்சிட்டது.

பாட்டுகளைப் பழைய போன் ஒன்றில் ஏற்றித் தந்தார். அதன் இயர்போனில் வலது பக்கம் செத்துப் போயிருந்தது. இருந்த ஒரு காதால் நான் ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதற்குப் பெயர் இல்லை, நாலு என்று ஒரு நம்பர் மட்டும். கிட்டாரும் ட்ரம்ஸும் இடிக்க, அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு குரல் உறுமிக்கொண்டு எழும்பும். பாடியது யார் என்று கேட்டேன். யாரோ ஒருத்தன், இதற்குள் தொண்டை கிழிந்து செத்திருப்பான் என்றார் மாமா. ரெக்கோடிங் சரியில்லை, அதை விட்டுவிட்டு நல்லதைக் கேள் என்றும் சொன்னார். நான் விடவில்லை. உறுமல் முடிந்ததும் பாட்டை முதலிலிருந்து போடுவேன்.

எனக்கும் அப்படி உறும வேண்டும் என்றேன். தொண்டையால் கத்தினால் மூன்று நாளில் குரல் போய்விடும், வயிற்றில் காற்றைப் பிடித்து அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று விளக்கினார். செய்து காட்டுங்கள் என்றால் தனக்கு வராது என்று கையை விரித்துவிடுவார். கிரிக்கெட் ஆடத் தெரியாமல் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். மாமாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு, பின்னேரம் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில் மேல்மாடியில் ஏறி நானே பழகினேன். அந்த நேரம் உம்மா கீழ் விறாந்தையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பார். இருபது பிள்ளைகள் ஒரே குரலில் ஓதும்போது மேலே நான் உறுமுவது யாருக்குக் கேட்கும்?

பிள்ளைகள் மூச்சு விடுவதற்காக நிறுத்துகிற ஒரு கணத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அந்த இடைவெளியில் என் உறுமல் படியால் இறங்கி விறாந்தைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் பயந்து திரும்ப ஓத, அதற்குள் நான் அடுத்த வரியைத் தொடங்கியிருந்தேன். மறுநாளும் அப்படியே நடந்தது. பூர்த்தியாகாத வீடு, மஃரிபு நெருங்குகிற நேரம், ஓத ஓத உறுமுகிறது. இதற்கு மேல் எங்கள் ஊருக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் சாச்சி ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டு மேலே ஏறி வந்தார். வியர்த்து வடிந்து, கண் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நான் நின்றேன். பக்கத்தில் என் கொப்பி விரிந்து கிடந்தது. நான் எழுதி வரைந்த படக்கதை அது. வெள்ளைப் பாடசாலை உடுப்பும் பர்தாவும் போட்ட ஒரு பேய், கணிதம் படிப்பிக்கிறவர்களை மட்டும் தின்னும். சாச்சி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கி ஓடினார். ஜின் வீட்டில் இல்லை, பிள்ளைக்குள் இருக்கிறது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்திருக்கும். சொன்னால் மாமாவின் பாஸ்போட் கைமாறிவிடும். உம்மா அழுதார், சாச்சி கேட்டார், நான் வாயைத் திறக்கவில்லை. ஜின் பிள்ளையின் நாக்கைக் கட்டிவிட்டது என்று அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது.

வாப்பா பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். நூல் கட்டுவது, தாயத்துப் போடுவது எதுவும் தன் வீட்டுக்குள் நடக்கக் கூடாது என்றார். ஓதித் தண்ணீர் கொடுப்பது மட்டும் பரவாயில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். ஓதிப் பார்க்கிற ஹஸரத் ஒருவர் சம்மாந்துறைப் பக்கமிருந்து வந்தபோது, வாப்பா வெளியே கதிரையைப் போட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அந்தப் பேப்பரை அவர் காலையிலேயே வாசித்து முடித்திருந்தார்.

ஹஸரத் நல்ல மனிதர். ஒரு போத்தல் தண்ணீரையும் மெல்லிய பிரம்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டு, முதலில் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கணித ஆசிரியர் மாமரத்தில் ஏறித் தப்பப் பார்க்கிற கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். மிச்சம் எங்கே என்று உம்மாவிடம் கேட்டார். இன்றுவரை என் கதைகளுக்குக் கிடைத்த மிக நல்ல விமர்சனம் அதுதான்.

பிறகு ஓதினார், என் முகத்தில் ஊதினார், உள்ளே இருப்பவரின் பெயரும் ஊரும் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பேய்ப்படங்களில் இந்தக் கட்டத்தை நான் நிறையத் தரம் பார்த்திருந்தேன், ஆனால் அங்கெல்லாம் பேயின் பக்கம்தான் எனக்கு ஆசை. பதில் வராமல் போக, அவர் கை பிரம்பின் பக்கம் நகர்ந்தது. இது லேசில் போகிற ஆள் இல்லை, பிள்ளையை ஏழு நாள் தன் வீட்டில் கொண்டு வந்து விட வேண்டும் என்றார். உம்மாவின் முகம் செத்துப் போனது.

கதவடியில் நின்ற மாமா அப்போதுதான் உள்ளே வந்தார்.

"ஜின்னும் இல்ல ஒண்டும் இல்ல ஹஸரத். நான்தான் கத்தின. புள்ளைக்கிப் பகிடி காட்டின."

எங்கே கத்திக் காட்டும் என்றார் ஹஸரத். மாமா தோளைக் குலுக்கி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி ஒரு சத்தம் எழுப்பினார். அது பாதியில் உடைந்து, கீச்சென்று முடிந்தது.

"இதுவா அந்தச் சத்தம்?" என்றார் சாச்சி. "பூனக்கிச் சளி புடிச்ச மாதிரி இரிக்கி."

முதலில் சாச்சி சிரித்தார். பிறகு ஹஸரத்தின் தாடி குலுங்கியது. மூன்று நாளாக அழுத உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே பேப்பருக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. மாமா இன்னொரு தரம் செய்து காட்டினார், அது முந்தியதைவிடக் கேவலம். ஹஸரத் போத்தலை மூடிவிட்டு, வயது வந்த ஆண்பிள்ளை செய்கிற வேலையா இது என்று மாமாவைச் செல்லமாகக் கடிந்துகொண்டு எழும்பினார். பாஸ்போட் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு மட்டும் முடியவில்லை. மூன்று கிழமை தனியே நின்று பழகிய குரல். தெருவையே நடுங்க வைத்த குரல். அதைப் போய் இந்தப் பூனைச் சத்தம் என்று நினைத்து இவர்கள் சிரித்துவிட்டுப் போவதா? உலகத்தில் உறுமுகிறவர்கள் எல்லாருடைய மானமும் அந்த அறையில் என் கையில் இருப்பதாகப் பட்டது. நான் எழும்பி நின்றேன்.

"அப்படி இல்ல மாமா. நீங்க சொல்லித் தந்த மாதிரி வயித்துல இருந்து வரணும்."

எடுத்துவிட்டேன். நாலாம் நம்பர், முதல் வரி முழுவதும், ஒரே மூச்சில். அதைவிட நன்றாக நான் பிறகு எப்போதும் உறுமியதில்லை. சாச்சி ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். விறாந்தையில் ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. ஹஸரத் பிஸ்மி சொல்லிக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தார்.

உம்மா என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார்.

ஏழு நாள் ஓதின தண்ணீர் குடித்தேன். மூன்றாம் கிழமை மாமா சவூதிக்குப் போனார். வான் வந்து நின்றபோது நான் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் முன்னால் அப்படி மானங்கெட்ட ஒரு சத்தம் போட்டதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. அவர் போன பிறகு என் புத்தகப் பையைத் திறந்தால், கம்பளித் துண்டு ஒன்றில் சுற்றி அந்த டிஸ்க் இருந்தது.

போன வருடம் மேல்மாடியை என் சம்பளத்தில் கட்டி முடித்தேன். ஜன்னல் போட்டேன், வெள்ளை அடித்தேன், நல்ல ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வைத்தேன். முதலில் போட்டது நாலாம் நம்பரைத்தான். உறுமல் முடிந்தது. கையில் தேத்தண்ணி இருந்ததால் உடனே எழும்பி முதலிலிருந்து போடவில்லை. கிட்டார் அடங்கி, கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் ஓடியது. பிறகு வலது பக்க ஸ்பீக்கரில், நான் ஒருநாளும் கேட்டிராத அந்தப் பக்கத்தில், ஒருவர் இருமினார். மைக்குக்குக் கிட்ட வந்து, எங்கள் ஊர்த் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"மச்சான், சரியா வந்திச்சா?"

மாமாவின் குரல். தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். பிறகு போனில் அவருக்குக் கோல் எடுத்தேன். சவூதியில், தம்மாமில் லொறி ஓட்டுகிறார், அங்கே அப்போது மத்தியானம். கட்டாரில் தங்கியிருந்த அறையில், அக்கரைப்பற்றுப் பொடியன் ஒருவனும் இரண்டு நேபாளிகளும் வாசிக்க, தான் உறுமியது, அதெல்லாம் அப்போதே விட்டாச்சு என்று வெட்கப்பட்டார். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் பூனை மாதிரிக் கத்தினீர்கள் என்று கேட்டேன். லொறியின் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"பயந்த ஆக்கள் எழும்பிப் போக மாட்டாங்க மகள். சிரிச்சாத்தான் போவாங்க."

அன்றைக்கு அவர்கள் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். நான்தான் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பதினொரு வயதில் எனக்கு நல்ல உறுமலும் கெட்ட உறுமலும் தெரிந்திருந்தது, கெட்ட உறுமலை வேண்டுமென்றே போடுகிறவர் ஒருவர் இருப்பார் என்பது தெரிந்திருக்கவில்லை. மன்னியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். டீசலுக்கு வரிசை நகருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லி, தொழுது முடியும்வரை பொறுத்திருந்தேன். பிறகு என் வீட்டு ஜன்னல்கள் அத்தனையையும் திறந்து வைத்துவிட்டு, நாலாம் நம்பரை முழுச் சத்தத்தில் போட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சாச்சி நிமிர்ந்து பார்த்தார். இப்போது அவருக்கு நல்ல வயது, பயமும் குறைந்துவிட்டது.

"என்ன மகள், அது திரும்பவும் வந்திட்டா?"

"ஓம் சாச்சி," என்றேன். "இந்தத் தரம் அனுப்ப மாட்டன்."