டிரம்மருக்கு ஒரு வெற்றிலைத் தட்டு

ராக் பேண்ட் டிரம்மர் ஒருவனைக் கூப்பிட நீங்கள் வெற்றிலைத் தட்டோடு போனதுண்டா? நான் போனேன். போன ஞாயிறு. ஒரே நாளில் ரெண்டு தடவை.

எங்கள் ‘ஏழாம் மைல்’ பேண்ட் மறுபடி சேர்ந்துவிட்டது, புது ஆல்பம் வருகிறது என்று இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டேனே... அது முக்கால்வாசி உண்மை. பேஸ் கிதார் நான், பாடகன் ரவி, கீபோர்ட் ஆள் — மூன்று பேர் சேர்ந்தோம். டிரம்மர் செல்வம் வரவில்லை.

அதான் டிரம் மெஷின் இருக்கிறதே என்றான் ரவி. சரி, மெஷின் அடிக்கும். பாடுமா? எங்களுடையது மெலடி ராக். கிதார் எவ்வளவு கத்தினாலும், கோரஸ் வந்தால் ரெண்டு குரல் சேர்ந்து எழும்ப வேண்டும். மேல்குரல் ரவி, கீழ்க்குரல் செல்வம். அந்தக் கீழ்க்குரல் இல்லாவிட்டால் ஆல்பக் கேசட்டில் வரப்போகும் அத்தனை பாட்டும் மொட்டை. மொட்டைக் கேசட்டை வெளியே விடமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஏன் பிரிந்தோம்? எல்லாம் ரவியின் கல்யாணத்தால்தான். மலாக்கா முழுக்கப் பத்திரிகை வைத்தான். மெர்லிமாவில் பெரியப்பாவின் சம்பந்தி வீடுவரைக்கும் போனான். பெம்பானில் செல்வம் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கோபமா? அதெல்லாம் இல்லை. “டே, அவன் நம்ம வீட்டு ஆளுலா. அவனுக்குப் போயி பத்திரிகையா?” என்றான்.

அழைக்காத கல்யாணத்துக்குச் செல்வம் எப்படி வருவான்? கல்யாண டின்னரில் நாங்கள்தான் வாசித்தோம். டிரம்ஸுக்குப் பின்னால் ஸ்டூல் காலி. அதோடு பேண்டும் காலி.

நம் ஆட்கள் இப்படித்தான். முகமே மறந்துபோன உறவுக்காரருக்குத் தட்டேந்திப் போவோம். தினமும் கூட உட்கார்ந்து டீ குடிப்பவனிடம் மட்டும் — உனக்கெல்லாம் சொல்லணுமா என்போம். சொல்லத்தான் வேண்டும்!

ஆகவே, ஞாயிறு காலையில் தெங்கேராவில் ரவி வீட்டு வாசலில் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். கையில் தட்டு — வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். ரவி சிரித்தான். ஏறு என்றேன். ஏறினான்.

பெம்பானில் செல்வத்தின் அம்மா கதவைத் திறந்தார். உள்ளே செல்வம் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. ஆண்டி தட்டைப் பார்த்தார், ரவியைப் பார்த்தார், என்ன விசேஷம் என்று கேட்டார். அடுத்த ஞாயிறு ஆல்பம் ரெக்கார்டிங், செல்வம் வரவேண்டும் என்று ரவி எப்படியோ சொல்லி முடித்தான்.

“கல்யாணம் ஆனவன்தான நீ? அழைக்க வந்தா பொண்டாட்டியோட வரணும்பா. தனியா வந்து நீட்டுனா நான் எப்படி வாங்குறது?” என்றார் ஆண்டி.

தட்டு ரவி கையிலேயே நின்றது.

திரும்பும் வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் புலம்பல். “போதும்லா மச்சான். மெஷினே வச்சிக்கலாம்.” நேராக அவன் மனைவி மலரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பேண்ட் விவகாரத்தில் மலருக்கு என்ன அக்கறை என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“என் கல்யாண வீடியோல பாட்டு வர்ற எடமெல்லாம் அந்தக் காலி ஸ்டூலுதான் தெரியுது. பாக்குறவங்க எல்லாம் யாரு வரலன்னு கேக்குறாங்க” என்றார். பிறகு ரவியிடம், “காடி சாவிய எடுங்க.”

சாயங்காலம் காரில் மறுபடி பெம்பான். ரவியும் மலரும் சேர்ந்து தட்டை நீட்டினார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, சாப்பாடு உண்டா... எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் ஆண்டி வாங்கினார். செல்வம் இன்னும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன்ன வீட்டு ஆளுன்னுதான்டா நெனச்சேன்” என்றான் ரவி.

செல்வம் டிவியை அணைத்தான். “வீட்டு ஆளுன்னா மொத பத்திரிகையே எனக்குத்தான்டா வந்திருக்கணும்.”

ரவி ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

“ஸ்நேர் டிரம் தோலு கிழிஞ்சி கெடக்கு. டவுன்ல புதுசு வாங்கி வை” என்றான் செல்வம்.

வாங்கிவிட்டோம்.

இதை ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆபீசில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வம் ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறான்.